டாட் கிராமத்துச் சர்மா குடும்பம்

தௌலாதார் மலைத்தொடரின் பனிச் சிகரங்களுக்குக் கீழே, நெல் வயல்களும் தேயிலைத் தோட்டங்களும் மலையிலிருந்து இறங்கிவரும் கல்லோடைகளுமாகப் பரந்து கிடக்கும் காங்கடாப் பள்ளத்தாக்கில், சாமுண்டா தேவியின் ஆலயத்துக்குச் சமீபத்தில், டாட் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கண்ணுக்கு எத்தனை ரம்மியமான பூமியோ, விளைச்சலில் அத்தனை சுருக்கமானது அந்தப் பிரதேசம். சரிவுகளில் படிப்படியாக வெட்டியமைத்த சிறு வயல்கள் ஒவ்வொரு பாகப்பிரிவினையிலும் குறுகிக்கொண்டே போக, வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது மலையை விட்டு இறங்கிப் பட்டாளத்தில் பெயர் பதிந்துகொண்டு, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புவதென்பது அங்கே தலைமுறை தலைமுறையாக ஏற்பட்டுவிட்ட ஜீவனோபாயம். டோக்ரா என்ற பொதுப்பெயரால் வழங்கும் அம்மலைநாட்டு ராஜபுத்திரரும் பிராமணரும் முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் தேசத்துச் சேற்றிலும் மெசபொடேமியாவின் வெயிலிலும் நின்று போர் செய்திருக்கிறார்கள். சந்தியாவந்தனம் செய்யும் கை துப்பாக்கியும் பிடிப்பது நம் பக்கத்து வாசகர்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். காங்கடாவில் அதை யாரும் விசேஷமாகக் கருதியதில்லை.

அந்த ஊர்ச் சர்மா குடும்பம் ஒன்றின் விருத்தாந்தத்தையே இங்கே சொல்லப் புகுகிறேன். அக்குடும்பத்தின் மூத்த பிள்ளையாகிய மேஜர் சோமநாத சர்மாவைப் பற்றி, சுதந்திர இந்தியாவின் பரமவீர் சக்கரத்தைப் பெற்ற முதல் வீரர் என்று பொது அறிவுப் புத்தகங்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இருபத்து நான்கு வயதில் நிகழ்ந்த அந்த மரணத்துக்குப் பின்னால் பேரனுக்குக் கீதை சொல்லிக்கொடுத்த பாட்டனார் ஒருவரும், இராணுவ ஆஸ்பத்திரிகளில் ஆயுளைக் கழித்த தகப்பனார் ஒருவரும், அந்நிய நாட்டுப் பாலம் ஒன்றைக் காத்து மடிந்த மாமன் ஒருவரும் நிற்கிறார்கள். போர்க்களத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அந்தக் கணத்தின் ஆவேசத்தால் மட்டும் நிர்ணயிக்கப்படுவதில்லை. அவன் வளர்ந்த வீட்டில் எதை இயல்பென்று கருதினார்களோ அதுவே அங்கே வெளிப்படுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். இந்தக் குடும்பத்தின் சரித்திரத்தைக் காட்டிலும் அதற்குத் தக்க சான்று எனக்குத் தெரியவில்லை.

தகப்பனார் அமர்நாத் சர்மா வைத்தியர். இராணுவ மருத்துவ உத்தியோகத்தில் சேர்ந்து மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். அக்காலத்து இராணுவ ஏற்பாட்டை அறியாதவர்களுக்கு இதன் முக்கியத்துவம் விளங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும், ஏன், முதல் உலக யுத்தம் முடியும் தறுவாய் வரையிலும்கூட, இந்தியச் சிப்பாய் எத்தனை பராக்கிரமம் காட்டினாலும் ஸுபேதார் மேஜர் பதவிக்கு மேலே ஏறுவதற்கு வழி கிடையாது. நேற்று கப்பலிலிருந்து இறங்கிய ஆங்கில இளைஞனுக்கு நரைத்த மீசையுடைய ஸுபேதார் ஸலாம் வைக்கவேண்டும். அரசரின் கமிஷன் என்னும் முழு அதிகாரப் பத்திரத்தைப் பெற்று ஆங்கிலேயர்க்குச் சமமாக அமரும் வாய்ப்பு இந்தியர்க்கு முதலில் திறந்தது வைத்தியத் துறையில்தான். போட்டிப் பரீட்சை எழுதி இந்திய மருத்துவப் பணியில் நுழைய 1855ஆம் ஆண்டிலேயே வழி பிறந்துவிட்டது. ஆகவே, கத்தி பிடித்துக் கொல்லும் கையைவிடக் கத்தி பிடித்துக் குணப்படுத்தும் கைக்கே அந்தச் சைனியத்தில் முதன்முதலாகக் கௌரவம் கிடைத்தது எனலாம். மலைநாட்டிலிருந்து இறங்கிவந்து வைத்தியராகி இராணுவத்தில் உயர்ந்த ஒருவர், தம் பிள்ளைகளைப் போர் செய்யும் அதிகாரிகளாகவே ஆக்கிவிட எண்ணும்படியான காலமும் அவர் கண்ணெதிரிலேயே வந்து சேர்ந்தது.

1922 மார்ச்சில் வேல்ஸ் இளவரசர் டேராடூனில் ஒரு பள்ளியைத் திறந்துவைத்தார். இந்தியச் சிறுவர்களை இளமையிலேயே பயிற்றி இங்கிலாந்தின் ஸாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரிக்கு அனுப்புவதற்காக ஏற்பட்ட அப்பள்ளிக்கு அவர் பெயரையே இட்டார்கள். மறு ஆண்டு, அதாவது 1923இல், எட்டுப் படைப்பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றில் மட்டும் படிப்படியாக இந்திய அதிகாரிகளை நியமிப்பதென்று அரசாங்கம் முடிவு செய்தது. இந்திய அதிகாரியின் கீழே ஆங்கிலேயர் எவரும் பணிபுரிய நேரக்கூடாது என்ற உள்நோக்கம் அந்த ஏற்பாட்டில் இருந்ததை அன்றே பலர் கண்டித்தார்கள். ஆயினும் கதவு திறந்தது திறந்ததுதான். அந்த எட்டில் ஒன்று ஐதராபாத் ரெஜிமெண்டின் நான்காம் பட்டாளம். பெயரைக் கொண்டு அது தக்ஷிணத்துப் படை என்று எண்ணிவிடலாகாது. நிஜாமின் செலவில் தோன்றிய படையாதலால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டதே தவிர, நாளடைவில் அதில் பெருவாரியாகச் சேர்ந்தவர்கள் இமயமலைச் சாரலிலுள்ள குமாயூன் பகுதியினரும் சமவெளியின் அஹீர்களும் ஜாட்களுமே. அதே 1923ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதிதான் சோமநாதர் டாட் கிராமத்தில் பிறந்தார்; அந்த நான்காம் பட்டாளத்தின் பெயர் இக்குடும்பத்தின் கதையில் இன்னும் இருமுறை வரப்போகிறது.

சிறுவன் நைனிதாலில் ஷெர்வுட் கல்லூரியிலும் பின்னர் டேராடூனில் வேல்ஸ் இளவரசர் பெயரால் விளங்கிய பள்ளியிலும் படித்தான். அவ்விடங்களில் கிடைத்ததெல்லாம் ஆங்கிலக் கல்வி, ஆங்கில ஆட்டங்கள், ஆங்கில நடையுடை பாவனை. வீட்டில் பாட்டனார் சொல்லிக்கொடுத்ததோ கண்ணன் பார்த்தனுக்கு உரைத்த உபதேசம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுமென்றே நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். அப்படி முரண்பட்டு அலைக்கழிந்த வாலிபர் அநேகர் அத்தலைமுறையில் இருந்ததும் மெய். இவர் விஷயத்தில் முரண் எழவில்லை. ஹாக்கி மைதானத்தில் முன்னே பாயும் உற்சாகமும், சட்டைப்பையில் கீதைப் பிரதியை வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. மரணபயம் தமக்கு இல்லாமலில்லை என்றும், கீதையின் வாசகங்களை நினைத்துக்கொண்டால் அது விலகிப்போகிறதென்றும் பெற்றோருக்கு அவர் எழுதியதாகக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். பயமே அறியாதவன் என்று வீரனைப் புகழ்வது நம் வழக்கம். பயத்தை அறிந்து, அதை இன்னதைக் கொண்டு விலக்குகிறேன் என்று தாயாருக்கும் தகப்பனாருக்கும் ஒளியாமல் எழுதும் பிள்ளையை நான் அதைவிட அதிகமாக மதிக்கிறேன்.

மாமன் முறையினரான கேப்டன் கிருஷ்ணதத்த வாசுதேவா மேற்சொன்ன நான்காம் பட்டாளத்து அதிகாரி. சிறுவனின் மனத்தை வெகுவாகக் கவர்ந்தவர் அவர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாய் நாட்டின் வடகரையில் இறங்கித் தெற்கு நோக்கி நெருக்கிக்கொண்டு வந்தபோது, அவருடைய பட்டாளம் பன்னிரண்டாவது இந்தியப் பிரிகேடைச் சேர்ந்ததாய்ப் பின்வாங்கிப் பின்வாங்கிச் சண்டையிட்டது. பேராக் மாகாணத்தில் ஸ்லிம் என்று ஓர் ஆறு உண்டு. தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டங்களின் ஊடே செல்லும் அப்பக்கத்துப் பெருஞ்சாலையிலுள்ள ஊர்களின் பெயர்கள் நம்மவர் பலர்க்கு உறவினர் வாயிலாகப் பழக்கமானவை. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடிவதற்கு வெகு முன்பாக, அச்சாலை வழியே சுமார் முப்பது ஜப்பானிய டாங்கிகள் வரிசையாக வந்தன. எதிர்த்து நிற்க இந்தியப் படையிடம் ஒரு டாங்கிகூட இல்லை. வாரக்கணக்கில் உறக்கமின்றிச் சோர்ந்த சிப்பாய்களில் பலர் டாங்கி என்ற ஒன்றைக் கண்ணால் கண்டதே அந்தப் போரில்தான். முதல் அடி ஐதராபாத் பட்டாளத்தின்மேல் விழுந்தது. பொழுது நன்றாக ஏறுவதற்குள் டாங்கிகள் பல மைல் தூரத்தை ஊடறுத்துக்கொண்டு ஸ்லிம் ஆற்றுப் பாலத்தை அடைந்துவிட்டன. பதினோராவது இந்திய டிவிஷன் சிதறிப்போயிற்று. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது. அந்தச் சிதைவின் நடுவே, பாலத்தைக் காத்து நின்று தம் ஆட்களில் நூற்றுக்கணக்கானோர் கடந்து செல்ல இடம் செய்துவிட்டு, வாசுதேவா அங்கேயே உயிர் துறந்தார்.

தோற்றுப்போன யுத்தமொன்றில், அந்நிய அரசரின் கொடியின்கீழ், அந்நிய மண்ணில் நேர்ந்த மரணம் அது. பிறகு வந்த வெற்றிகளின் பேரொலியில் உலகம் அதை மறந்துவிட்டது. குடும்பம் மறக்கவில்லை. எல்லாம் குலைந்து ஓடும் வேளையில் ஒருவன் நின்று தடுத்தால், அந்தச் சில நாழிகைக்குள் எத்தனை உயிர் பிழைக்கக்கூடும் என்பதை அவ்வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்து அறியவேண்டியிருக்கவில்லை. சிங்கப்பூர் பிப்ரவரி 15ஆம் தேதி வீழ்ந்தது. மாமனின் பட்டாளத்தில் எஞ்சியோர் கைதிகளானார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி, பத்தொன்பது வயது நிரம்பிய சோமநாதர் அதே ஐதராபாத் ரெஜிமெண்டின் எட்டாம் பட்டாளத்தில் கமிஷன் பெற்றார். அந்த வாரத்தில் அத்தாய் என்ன நினைத்திருப்பாள் என்பதை எண்ணிப் பார்க்காமல் இந்தத் தேதிகளைக் கடந்துசெல்ல என்னால் முடியவில்லை.

எட்டாம் பட்டாளம் பர்மாவின் அரக்கான் கரையோரத்தில் போரிட்டது. அதன் தலைவராக வந்தவர் குடகு நாட்டுத் திம்மையா. பிற்காலத்தில் இந்திய சைனியத்தின் பிரதம தளபதியாக விளங்கியவர். 1945இன் தொடக்கத்தில் காங்கா என்ற இடத்தில் நடந்த கடும் யுத்தத்தில் ஐம்பத்தோராவது பிரிகேடின் மூன்று பட்டாளங்களுக்கும் இந்தியர்களே தலைமை தாங்கினார்கள். திம்மையா, தோரட், சேன் என்ற அம்மூவருக்கும் உயர்ந்த விருதுகள் கிடைத்தன. அரக்கான் போரில் சோமநாதரின் பெயரும் யுத்த அறிக்கையில் பாராட்டுடன் குறிக்கப்பட்டது. அந்நாளில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். பட்டாளம் நகரவேண்டிய அவசரத்தில், சோமநாதரின் ஆர்டர்லியான பகதூர் என்பவன் காயமடைந்து நடக்கமாட்டாமல் விழுந்துவிட, அவர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்தங்கி வந்தாராம். அதனால் தாமதம் நேர்வதைக் கண்ட திம்மையா அவனை விட்டுவிட்டு விரைந்து வரும்படி கட்டளையிட, இவன் என்னுடைய ஆள், பலத்த காயம் பட்டிருக்கிறது, இவனை விட்டு வரமாட்டேன் என்று இளைஞர் மறுத்துவிட்டு, கடைசிவரை சுமந்துவந்து அவன் உயிரைக் காப்பாற்றினார். கட்டளை மீறியது குற்றமே. ஆனால் அந்தக் குற்றத்தைத் திம்மையா போன்றவர் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

யுத்தம் முடிந்தது. 1945 அக்டோபரில் ரெஜிமெண்டின் பெயர் குமாயூன் என்று மாற்றப்பட்டது. மலாயில் அழிந்த நான்காம் பட்டாளம் மீண்டும் திரட்டப்பட்டுப் புதிய பெயரோடு உயிர் பெற்றது. சோமநாதர் அதில் ஒரு கம்பெனியின் தலைவரானார். மாமன் எந்தப் பட்டாளத்தில் மடிந்தாரோ அதே பட்டாளம். ஆனால் அது வணங்கும் கொடி 1947 ஆகஸ்டு 15ஆம் தேதி மாறிவிட்டது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சம்பளப்படையாக இருந்த ஒரு தொழில், உடையும் கட்டளையும் அணிவகுப்பும் மாறாமலிருக்க, ஒரே இரவில் சொந்த தேசத்துக்கான கடமையாகிவிட்ட விசித்திரத்தைக் காங்கடாவின் எத்தனையோ வீடுகளைப்போல இந்த வீடும் கண்டது.

அக்டோபர் 22ஆம் தேதி, எல்லைப்புறத்துப் பழங்குடியினரின் ஆயுதக் கூட்டங்கள் முஸாபராபாத் வழியாகக் காஷ்மீருக்குள் புகுந்தன. 26ஆம் தேதி மகாராஜா ஹரிசிங் இந்திய யூனியனில் சேரும் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் காலை, சிவில் கம்பெனிகளிடமிருந்து பெற்றவையும் சேர்த்து டக்கோட்டா விமானங்கள் சீக்கிய ரெஜிமெண்டின் முதற்பட்டாளத்தை ஸ்ரீநகரில் இறக்கின. அப்பட்டாளத்தின் தலைவர் திவான் ரஞ்சித் ராய், பாராமுல்லாவை நோக்கி முன்னேறி எதிரியைச் சந்தித்து, அந்தப் போரிலேயே உயிர்நீத்தார். பூகோள நிலையைச் சற்று நினைவில் கொள்ளவேண்டும். காஷ்மீரத்துக்குப் போகும் நல்ல சாலை ராவல்பிண்டியிலிருந்து சென்றது. அது இப்போது எதிரியின் கையில். பானிஹால் கணவாய் வழியாக ஜம்முவிலிருந்து போகும் பாதையோ நெடியது, கரடுமுரடானது, பனிக்காலத்தில் அடைபடக்கூடியது. ஆகவே ஸ்ரீநகர் விமானத்தளம் ஒன்றே உயிர்நாடி. அது போனால் நகரம் போகும். அதற்குமேல் ஒரு சிப்பாயையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

நான்காம் குமாயூனுக்கும் உத்தரவு வந்தது. சோமநாதரின் இடதுகையோ ஹாக்கி ஆட்டத்தில் எலும்பு முறிந்து மாவுக்கட்டுக்குள் இருந்தது. வைத்தியர்கள் ஓய்வு கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தங்கிவிட அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. என் கம்பெனி போகும்போது நானும் போகவேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்ய, மேலதிகாரிகள் அரைமனத்தோடு சம்மதித்தார்கள். வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கு முறிந்த கையின் நிலை தெரியாமல் இருந்திருக்காது. மாத இறுதியில் அவர் ஸ்ரீநகர் வந்திறங்கினார். அங்கே பிரிகேடின் பொறுப்பை ஏற்க வந்தவர், அரக்கானில் அடுத்த பட்டாளத்துக்குத் தலைமை தாங்கிய அதே எல். பி. சேன்.

விமானத்தளத்திலிருந்து சில மைல் தூரத்திலுள்ள பட்காம் கிராமப் பக்கமாக எதிரிகள் நடமாடுவதாகத் தகவல் வரவே, நவம்பர் 3ஆம் தேதி காலையில் மூன்று கம்பெனிகள் வேவு பார்க்க அனுப்பப்பட்டன. நண்பகல் தாண்டியும் எதிரியின் சுவடே தென்படாமையால் இரண்டு கம்பெனிகள் திரும்ப உத்தரவாயிற்று. சோமநாதரின் கம்பெனி மட்டும் மூன்று மணிவரை அங்கே இருக்கவேண்டியது. கிராமத்தில் எல்லாம் சாதாரணமாகவே காணப்பட்டது. உள்ளூர் ஜனங்களைப்போல ஆங்காங்கே சிறு கும்பல்களாக நின்றவர்கள், உண்மையில் ஒருவர் இருவராக வந்து கூடிக்கொண்டிருந்த எதிரிகளே. இரண்டரை மணி சுமாருக்கு வீடுகளிலிருந்து துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கின. பெண்களும் குழந்தைகளும் இருக்கக்கூடிய கிராமத்தின்மேல் பதிலுக்குச் சுடுவதற்குச் சோமநாதர் தயங்கினார் என்பதை அவருடைய வயர்லெஸ் செய்திகளிலிருந்து அறிகிறோம். அதற்குள் குல்மார்க் பக்கமிருந்து சுமார் ஐந்நூறு முதல் எழுநூறு பேர் வரையுள்ள பெருங்கூட்டம் மார்ட்டர்களுடன் வந்து மூன்று புறமும் சூழ்ந்துகொண்டது. ஒருவனுக்கு ஏழு பேர் என்னும்படியான நிலை.

பின்வாங்கியிருக்கலாம். கம்பெனி உருக்குலையாமல் விமானத்தளம் வரை தப்பி வந்திருக்கவும் கூடும். ஆனால் துரத்தி வருகிறவர்களும் கூடவே வந்து சேர்ந்திருப்பார்கள். இந்தக் கணக்கு சோமநாதரின் மனத்தில் ஒரு நொடியில் முடிந்திருக்கவேண்டும். திறந்தவெளியில் குண்டுமாரிக்கு நடுவே ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு ஓடி ஓடி ஆட்களைத் தைரியப்படுத்தினார். ஆகாயத்தில் வந்த நமது விமானங்களுக்கு எதிரி இருக்கும் திக்கைக் காட்டுவதற்காக, அடையாளத் துணிகளைத் தாமே தரையில் விரித்தார். பிரென் துப்பாக்கிகளைச் சுடுகிறவர்கள் குறையக் குறைய, தோட்டா அடைத்துக்கொடுக்கவும் ஆளில்லாமல் போயிற்று. அந்தத் துப்பாக்கியின் வளைந்த மேகஸீனில் முப்பது தோட்டாக்கள் கொள்ளும். சிக்கிக்கொள்ளாமலிருப்பதற்காக இருபத்தெட்டே அடைப்பார்கள். ஒவ்வொன்றையும் உள்ளிருக்கும் வில் எதிர்த்துத் தள்ளும்; ஒரு கையால் மேகஸீனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி இறக்கவேண்டும்; இரண்டு கையும் நன்றாயிருப்பவனுக்கே பத்து மேகஸீன் அடைத்தால் விரல் கன்றிவிடும். மாவுக்கட்டுப் போட்ட இடதுகையோடு அந்த மேஜர் தரையில் அமர்ந்து, மேகஸீன்களை அடைத்து அடைத்துத் தம் சிப்பாய்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். கம்பெனித் தலைவன் செய்யும் வேலையன்று அது. அந்த வேளையில் அதைவிட அவசியமான வேலை வேறு இல்லாமையால் செய்தார்.

பிரிகேடுக்கு அவர் அனுப்பிய கடைசிச் செய்தி பிரசித்தமானது. எதிரி ஐம்பது கெஜ தூரத்தில் இருக்கிறான், எண்ணிக்கையில் நாங்கள் மிகக் குறைவு, நாசகரமான குண்டுவீச்சில் இருக்கிறோம், ஆயினும் ஓர் அங்குலமும் பின்வாங்காமல் கடைசி ஆளும் கடைசித் தோட்டாவும் உள்ளவரை போரிடுவோம் என்பது அதன் சாரம். சிறிது நேரத்தில் ஒரு மார்ட்டர் குண்டு அவரருகே குவித்திருந்த வெடிமருந்தின்மேல் விழுந்து வெடித்தது.

தலைவர் மாண்ட பின்னும் அக்கம்பெனி கலையவில்லை என்பதையே நான் இந்தக் கதையின் முக்கியமான பாகமாகக் கருதுகிறேன். ஓர் இளநிலை அதிகாரியும் இருபது சிப்பாய்களும் அவருடன் உயிர்நீத்தார்கள். குமாயூன் மலைக்கிராமத்துத் திவான் சிங் என்ற பிரென் துப்பாக்கிக்காரர், தம்மேல் குண்டு பாய்ந்த பிறகும் துப்பாக்கியை விடாமல் சுட்டுக்கொண்டே இறந்தார். அவருக்கு மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது. உதவிப்படை வந்துசேரும்வரை, சுமார் ஆறு மணி நேரம் எதிரி அங்கே தடைப்பட்டு நின்றான். இருநூறு பேருக்குமேல் அவன் பக்கத்தில் சேதம். விமானத்தளத்தை நோக்கி வந்த வேகம் பட்காமில் முறிந்தது. அந்த இடைவெளியில் மேலும் பட்டாளங்கள் வந்திறங்கின. கவச வண்டிகள் பானிஹால் வழியாக வந்து சேர்ந்தன. நவம்பர் 7ஆம் தேதி ஷாலதெங்கில் ஆக்கிரமிப்பாளர்கள் சிதறியோடினார்கள். மறுநாள் பாராமுல்லா மீட்கப்பட்டது. ஸ்லிம் ஆற்றங்கரையில் மாமன் செய்ததும் பட்காமில் மருமகன் செய்ததும் ஒரே காரியந்தான். அங்கே பின்னால் வந்து தாங்க எவருமில்லாமையால் நாடு பறிபோயிற்று; இங்கே தடுத்துக்கொடுத்த ஒவ்வொரு மணி நேரத்தையும் பயன்படுத்திக்கொள்ள ஆகாயமார்க்கமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று நாள் கழித்துப் பட்காம் மீண்டும் கைக்கு வந்தபோது, உருத்தெரியாமல் சிதைந்துபோயிருந்த உடலை, கைத்துப்பாக்கியின் தோல் உறையையும் சட்டைப்பையிலிருந்த கீதையின் சில ஏடுகளையும் கொண்டே அடையாளம் கண்டார்கள். அவர் மாண்ட அன்று சுதந்திரம் வந்து எண்பது நாள்தான் ஆகியிருந்தது. இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

அத்தகைய செயலுக்குத் தகுந்த விருது அன்று இந்தியாவிடம் இல்லை. விக்டோரியா மகாராணியின் பெயரால் வழங்கிய சிலுவைக்குப் பதிலாக நமக்கென்று ஒன்றை அமைக்கும் பொறுப்பு மேஜர் ஜெனரல் ஹீராலால் அடல் என்பவரிடம் இருந்தது. அவர் அதை வரைந்து தரும்படி சாவித்திரி கானோல்கர் என்ற அம்மையாரைக் கேட்டுக்கொண்டார். இந்த அம்மையாரின் வரலாறு தனியே எழுதத்தக்கது. ஸ்விட்ஸர்லாந்தில் 1913இல் ஹங்கேரியத் தகப்பனாருக்கும் ருஷ்யத் தாயாருக்கும் பிறந்து, மராட்டியரான இராணுவ அதிகாரி விக்ரம் கானோல்கரை மணந்து, ஹிந்துவாகி, சம்ஸ்கிருதமும் புராணங்களும் ஆழ்ந்து கற்றவர். விருத்திராசுரனை வெல்ல ஆயுதம் வேண்டுமென்று தேவர்கள் யாசித்தபோது தம் உடலையே துறந்து முதுகெலும்பைக் கொடுத்த ததீசி முனிவரின் நினைவு அவருக்கு வந்தது. அந்த எலும்பாலான இந்திரனுடைய வஜ்ராயுதத்தின் உருவங்கள் நான்கினை நடுவிலுள்ள அரசாங்க முத்திரையைச் சுற்றி அமைத்து, ஊதாநிற நாடாவில் தொங்கும் சிறிய வெண்கல வட்டமாகப் பரமவீர் சக்கரத்தை வரைந்தார். 1950 ஜனவரி 26இல் அவ்விருது ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்டு 15 முதல் அமலுக்கு வந்ததாக விதிக்கப்பட்டது. முதலாவது பரமவீர் சக்கரம் சோமநாத சர்மாவுக்கு உரியதாயிற்று. அதைத் தகப்பனார் பெற்றுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பிறர் பிள்ளைகளின் காயங்களுக்கு மருந்திட்ட அந்த வைத்தியருக்குத் தம் பிள்ளையின் காயத்தைத் தொட்டுப் பார்க்கவும் வாய்க்கவில்லை.

ததீசியின் எலும்பை வரைந்த அம்மையாரின் மகள் குமுதினி, சோமநாதரின் தம்பியாகிய சுரேந்திரநாத சர்மாவையே மணந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். விருதை வரைந்த குடும்பமும் அதை முதலில் பெற்ற குடும்பமும் சம்பந்திகளானது யாரும் திட்டமிட்டு நேர்ந்ததன்று.

மூத்த பிள்ளையை இப்படி இழந்த பெற்றோர், மற்றப் பிள்ளைகளை வேறு தொழிலுக்குத் திருப்பிவிட முயன்றிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. சுரேந்திரநாதர் பொறியியற் படையில் பணியாற்றி, லெப்டினெண்ட் ஜெனரலாகி, சைனியத்தின் பிரதம பொறியாளராக விளங்கினார். சகோதரி கமலா தகப்பனாரின் வழியைப் பின்பற்றி இராணுவ வைத்தியராய் மேஜர் பதவி வகித்தார். கடைசித் தம்பி விசுவநாத சர்மா, அண்ணன் இறந்தபோது பதினேழு வயதுப் பையன். தம் இருபதாவது பிறந்தநாளாகிய 1950 ஜூன் 4ஆம் தேதி பதினாறாவது குதிரைப்படையில் கமிஷன் பெற்றார். அந்தப் படை நமக்கு அந்நியமானதன்று. ஆர்க்காட்டு நவாபின் சேவையில் 1776இல் தொடங்கிய தன் சரித்திரத்தை உடையது அது. குதிரைகளை விட்டு டாங்கிகளில் ஏறிய பின்னும் தென்னாட்டு ஜவான்களையே பெரும்பாலும் கொண்டு நடப்பது. காங்கடாவின் மலைப்பிள்ளை அதிகாரம் செலுத்தக் கற்றது நம்மவர்களிடையேதான். சுதந்திரத்துக்குப் பிறகு கமிஷன் பெற்றவர்களுள் இந்திய சைனியத்தின் பிரதம தளபதியாக வந்த முதல் மனிதரும் அவரே. 1988 மே மாதத்தில் அப்பதவியை ஏற்று, இரண்டாண்டுக் காலம் வகித்து, 1990 ஜூன் இறுதியில் அவர் ஓய்வு பெற்றார்.